கட்டணமில்லாப் பயணச்சீட்டு எதை அளக்கிறது: விடியல் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் அன்றைய தினமே ஐந்து கோப்புகளில் கையெழுத்திட்டார். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இயக்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் அனைவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை அவற்றுள் ஒன்று. மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளர் ஒருவருக்கும் அச்சலுகை விரிவாக்கப்பட்டது. பின்னர் ‘விடியல் பயணம்’ என்று பெயர் பெற்ற இத்திட்டத்திற்காக 2025-26 நிதிநிலை அறிக்கையில் 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

திட்டம் தேவையா, தேவையற்றதா என்ற வாதம் மேடைகளில் போதிய அளவு நடந்துவிட்டது. அதைத் திரும்பவும் நடத்த இங்கே இடமில்லை. அரசு தன் திட்டத்தைத் தானே ஆராய்ந்து வெளியிட்ட சில எண்களை எடுத்துக்கொண்டு, அவை எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன, அடுத்தகட்டப் போக்குவரத்துத் திட்டமிடலுக்கு அவற்றிலிருந்து என்ன வழிகாட்டுதல் கிடைக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் எல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்பட்ட எண்கள், பேருந்தில் ஏறிவிட்ட பெண்ணுக்கு மிச்சமான பணத்தைப் பற்றியவை. ஏறுவதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் நின்றார், எத்தனை நாள் ஏற முடியாமல் திரும்பினார் என்பதைப் பற்றி அவை பேசுவதில்லை. திட்டத்தின் அடுத்த பத்தாண்டு இந்த இரண்டாவது கணக்கில்தான் தீர்மானமாகும் என்று நினைக்கிறேன்.

தொடக்கமும் சூழலும்

தமிழ்நாட்டில் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உள்ளன. சென்னைக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம், தொலைதூரத்திற்கு விரைவுப் போக்குவரத்துக் கழகம், விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலி ஆகியவற்றைத் தலைமையிடமாகக் கொண்ட ஆறு கழகங்கள் என்று அவை பிரிந்திருக்கின்றன. எல்லாம் சேர்ந்து சுமார் 20,000 பேருந்துகள். விடியல் பயணம் இவற்றில் ஒரு வகுப்பை மட்டுமே தொடுகிறது. புறநகர்ப் பேருந்துகள் (ஊர்விட்டு ஊர் செல்பவை), விரைவுப் பேருந்துகள், சொகுசுப் பேருந்துகள் எல்லாம் வெளியே. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள் மட்டும், அதாவது சென்னையில் ‘வெள்ளை போர்டு’ என்று மக்கள் அடையாளம் காணும் வண்டிகளும், மற்ற ஊர்களில் ‘டவுன் பஸ்’ என்று அழைக்கப்படும் வண்டிகளும் உள்ளே. இந்த எல்லைக்கோடு சிறியதாகத் தோன்றினாலும், திட்டத்தின் பயன் யாருக்குப் போகிறது என்பதை அதுவே பெருமளவு தீர்மானித்தது.

திட்டம் பிறந்த நேரமும் முக்கியமானது. கழகங்கள் அப்போது நல்ல நிலையில் இல்லை. 2018 ஜனவரியில் உயர்த்தப்பட்ட கட்டணம் அதன் பின் மாற்றப்படவில்லை. டீசல் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு இழப்பு ஏற்படுகிறது என்று கூறியது. வருவாயைத் தேடவேண்டிய ஒரு நிறுவனம், தன் சாதாரண நகரப் பேருந்துகளில் ஏறும் பெண்கள் அனைவரிடமும் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. அந்த வருவாயை அரசு ஈடுசெய்யும் என்ற உறுதிமொழியின் மீதுதான் முழுக் கட்டுமானமும் நின்றது.

இன்னொரு விநோதமும் உண்டு. மே 8 அன்று தொடங்கிய திட்டத்திற்கு இரண்டே நாள் ஆயுள். கொரோனா இரண்டாம் அலையின் முழு ஊரடங்கு மே 10 அன்று தொடங்கியபோது பேருந்துகள் நின்றன. ஜூன் 21 அன்று சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய நான்கு மாவட்டங்களில் பாதி இருக்கைகளுடன் அவை மீண்டும் ஓடத் தொடங்கின. ஜூலை 5-க்குள் மற்ற மாவட்டங்களும் சேர்ந்தன. ஆகவே, திட்டத்திற்கு ‘முன்’, திட்டத்திற்குப் ‘பின்’ என்று ஒப்பிட விரும்பும் எந்த ஆய்வாளருக்கும் முன்பக்கத்தில் கிடைப்பது பெருந்தொற்றால் உருக்குலைந்த ஓராண்டு. பள்ளிகள் மூடிக் கிடந்தன, பலர் வேலையிழந்திருந்தனர், வசதி உள்ளவர்கள் கூட்டத்துக்கு அஞ்சி இருசக்கர வாகனத்துக்கு மாறியிருந்தனர். ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டு எது என்ற கேள்விக்கு நேர்மையான எளிய விடை எதுவும் கிடையாது.

முதல் நாட்களில் பெண்களுக்குச் சீட்டே கொடுக்கப்படவில்லை. கட்டணம் இல்லை என்றால் சீட்டு எதற்கு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், சீட்டு இல்லாமல் எத்தனை பேர் ஏறினார்கள் என்று அறிய வழியில்லை. எண்ணிக்கை தெரியாமல் அரசு கழகங்களுக்கு எவ்வளவு ஈடுசெய்வது என்றும் கணக்கிட முடியாது. 2021 ஜூலை முதல் பெண்கள், திருநங்கையர், மாற்றுத்திறனாளிகள் என்று தனித்தனியாகக் கட்டணமில்லாப் பயணச்சீட்டு வழங்கும் முறை வந்தது. தணிக்கைக்காகப் பிறந்த ஒரு துண்டுத்தாள், மாநிலத்தின் மிகப்பெரிய பயணக் கணக்கெடுப்பாக மாறியது இப்படித்தான். இதைத் திட்டமிட்டு யாரும் செய்யவில்லை என்பதே இதன் சுவை.

888 ரூபாய் என்ற எண்

அன்று ஜெ. ஜெயரஞ்சனைத் துணைத் தலைவராகக் கொண்டிருந்த மாநிலத் திட்டக் குழு, நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் ஆகிய மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அதிலிருந்து வெளியே வந்து நிலைத்துவிட்ட எண் 888. பயனாளியான ஒரு பெண் மாதத்திற்குச் சராசரியாக 888 ரூபாய் சேமிக்கிறார் என்பது அதன் பொருள். ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களைப் பாராட்ட வேண்டும். நாகப்பட்டினம் மீன்பிடியையும் வேளாண் கூலியையும் நம்பியிருப்பது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் ஊர். மதுரை, சுற்றுக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் மக்கள் வந்து திரும்பும் பெருநகரம். சென்னையில் மட்டும் கேட்டுவிட்டு மாநிலத்துக்கே பொருத்திப் பார்க்கும் பழக்கத்திலிருந்து இந்தத் தேர்வு விலகி நிற்கிறது.

அந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மாதத்தில் 25 நாட்கள் வேலைக்குப் போகிற ஒருவருக்கு 888 ரூபாய் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 ரூபாய் 50 காசு. போக ஒரு பயணம், வர ஒரு பயணம் என்றால், ஒரு பயணத்துக்குச் சற்றேறக்குறைய 18 ரூபாய். நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணத்தைவிட இது பல மடங்கு அதிகம். எனவே, இந்தச் சராசரிக்குப் பின்னால் இருப்பவர் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குபவர் அல்லர். நெடுந்தூரம் வருபவர், அல்லது இடையில் வண்டி மாறி ஒரு நாளில் மூன்று நான்கு முறை ஏறுபவர். அல்லது முன்பு ஷேர் ஆட்டோவிலோ தனியார் பேருந்திலோ கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இந்த மூன்று வகைப் பெண்களும் மூன்று வேறுபட்ட கொள்கைக் கேள்விகளை எழுப்புகிறார்கள். சராசரி அவர்களை ஒன்றாக்கிவிடுகிறது.

சேமிப்பு என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பு காசு கொடுத்துப் பயணம் செய்த பெண்ணுக்குக் கட்டணம் முழுவதும் சேமிப்பு. ஆனால் முன்பு மூன்று கிலோமீட்டர் நடந்து போன பெண், இப்போது பேருந்தில் போகிறார் என்றால், அவர் கொடுக்காத கட்டணத்தை அவருடைய சேமிப்பு என்று சொல்வது சரியாகாது; அவர் அதை என்றுமே கொடுத்ததில்லை. அவருக்குக் கிடைத்தது பணம் இல்லை, அரைமணி நேரமும் கால்வலி இல்லாத ஒரு மாலையும். போக்குவரத்துப் பொருளியலில் இதற்குப் பழகிய ஒரு நடைமுறை உண்டு: ஏற்கெனவே நடந்துவந்த பயணங்களுக்குக் கட்டணக் குறைப்பு முழுவதையும் பயனாகக் கொள்வார்கள்; குறைப்பினால் புதிதாகத் தோன்றிய பயணங்களுக்குப் பாதியை மட்டும் கொள்வார்கள். புதிய பயணங்களில் சில, கட்டணம் ஒரு ரூபாய் குறைந்திருந்தாலே நடந்திருக்கும். சில, முற்றிலும் இலவசமானால்தான் நடந்திருக்கும். நடுவில் எடுப்பது நியாயம் என்பது அதன் தர்க்கம். 888 என்ற எண்ணை அரசின் செலவோடு நேராக நிறுத்தி ஒப்பிடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இதனால் ஆய்வின் மதிப்பு குறைந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய். நாள்தோறும் பேருந்தேறும் பெண்ணைப் பொறுத்தவரை விடியல் பயணம் அதற்கு மிக அருகில் வருகிற ஒரு தொகையை, விண்ணப்பமோ தகுதிச் சோதனையோ வங்கிக் கணக்கோ இல்லாமல் கையில் சேர்க்கிறது. கர்நாடகத்தில் மாநிலத்தில் வசிப்பதற்கான அடையாள ஆவணம் காட்ட வேண்டும். இங்கே எந்த அட்டையும் கேட்கப்படுவதில்லை. தகுதியுள்ளவர்களை வடிகட்டும் முயற்சியில் தகுதியுள்ளவர்களே விடுபட்டுப்போகும் நம் நலத்திட்ட வரலாற்றைப் பார்த்தவர்களுக்கு, இந்த எளிமை எவ்வளவு பெரிய வடிவமைப்பு முடிவு என்பது புரியும்.

நாற்பதிலிருந்து அறுபத்தொன்று

2022-23 நிதிநிலை அறிக்கை இன்னொரு எண்ணைத் தந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண் பயணிகளின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 61 விழுக்காடாக உயர்ந்துவிட்டது என்பது அது. வெற்றிக்குச் சான்றாக இதை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். பங்கு என்பது ஏமாற்றும் அளவை. அது உயர இரண்டு நேரெதிரான கதைகள் உண்டு.

முதல் கதையில், முன்பு 100 பேர் பயணம் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 40 பெண்கள், 60 ஆண்கள். ஆண்கள் எண்ணிக்கை மாறாமல் பெண்களின் பங்கு 61 விழுக்காடாக வேண்டுமானால், பெண்கள் 94 பேராக வேண்டும். மொத்தப் பயணிகள் 154. பெண்களின் பயணம் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகிவிட்டது என்று பொருள். அப்படியானால், அதே எண்ணிக்கையில் ஓடும் அதே வண்டிகளில் ஒன்றரை மடங்கு கூட்டம்.

இரண்டாவது கதையில் மொத்தம் 100 என்பது மாறவில்லை. பெண்கள் 61, ஆண்கள் 39. பெண்களின் பயணம் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. ஆண்களில் மூன்றில் ஒருவர் வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டார். எங்கே போனார்? பைக்குக்கா, தனியார் பேருந்துக்கா, வேலையே இல்லாமல் வீட்டுக்கா? பெருந்தொற்றுக்குப் பிந்தைய ஓராண்டில் இவற்றில் எதுவும் நடந்திருக்கலாம். நகரத்தின் பார்வையில் இது சாதாரண விஷயமல்ல. பெண்களைப் பேருந்துக்குள் கொண்டுவரும் திட்டம், நெரிசல் காரணமாக ஆண்களை இருசக்கர வாகனத்துக்குத் தள்ளினால், சாலை நெரிசலும் விபத்தும் புகையும் கணக்கில் வேறொரு பக்கம் ஏறும்.

உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பங்கு வேண்டாம், எண்ணிக்கை வேண்டும். மாநில அளவில் வேண்டாம், தடம் வாரியாக வேண்டும். கட்டணமில்லாச் சீட்டுகளின் கணக்கும், கட்டணச் சீட்டுகளின் கணக்கும் ஒவ்வொரு பணிமனையிலும் வண்டியின் ஒவ்வொரு நடைக்கும் (ட்ரிப்புக்கும்) எழுதப்படுகின்றன. விடை அங்கேயே இருக்கிறது.

ஈடுசெய்யும் கணக்கு

திட்டத்தைத் தொடங்கியபோது அரசு மதிப்பிட்ட ஆண்டுச் செலவு 1,200 கோடி ரூபாய். பயணிகளில் 40 விழுக்காட்டினர் பெண்கள் என்ற அடிப்படையில், அவர்கள் அதுவரை கொடுத்துவந்த கட்டணம் இனி வராது என்று கணக்கிட்ட தொகை அது. 2022-23-ல் ஒதுக்கீடு 1,520 கோடி. அடுத்த ஆண்டு 2,800 கோடி. 2024-25-ல் 3,050 கோடி, அதற்கடுத்து 3,600 கோடி. நான்கே ஆண்டில் மூன்று மடங்கு. மதிப்பீடு தவறிவிட்டது என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. உள்ளே பார்த்தால், இரண்டு வெவ்வேறு பொருட்களை ஒரே பெயரில் அழைத்திருக்கிறோம் என்பது தெரியும்.

1,200 கோடி என்பது இழந்த வருவாய். பின்னால் வந்த தொகைகள், ஏறிய ஒவ்வொரு பெண்ணுக்கும் கழகத்துக்குச் சேரும் தொகையைச் சார்ந்தவை. அரசுத் தரப்பு சொல்லும் நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் பயணங்கள் என்ற கணக்கை 2024-25 ஒதுக்கீட்டோடு வைத்துப் பார்த்தால், ஒரு பயணத்துக்கு 16, 17 ரூபாய் வருகிறது. முன்பு தனியார் பேருந்திலோ ஷேர் ஆட்டோவிலோ போய்க்கொண்டிருந்த பெண், இப்போது அரசுப் பேருந்துக்கு மாறினால், கழகத்துக்கு எந்த இழப்பும் இல்லை. அவரிடமிருந்து அது முன்பு ஒரு காசும் பெற்றதில்லை. ஆனாலும் அவர் பெயரில் அரசுப் பணம் வருகிறது. இது இழப்பீடு ஆகாது. போக்குவரத்துச் சேவையை அரசு விலை கொடுத்து வாங்குகிறது என்றே கொள்ள வேண்டும். அப்படி வாங்குவதில் தவறேதுமில்லை. வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டால், வாங்கும் பொருளின் தரத்தைக் கேட்கும் உரிமையும் வந்துவிடும்: எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அறிவித்த நடைகளில் எத்தனை உண்மையில் ஓடின?

செலவின் பக்கத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குப் பாதி காலியாக ஓடும் வண்டியில் ஒரு பெண் கூடுதலாக ஏறினால் கழகத்துக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். காலை எட்டரை மணிக்குப் படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தோடு இன்னும் பத்துப் பேர் சேர்ந்தால் கூடுதலாக ஒரு வண்டி, ஓர் ஓட்டுநர், ஒரு நடத்துநர் வேண்டும். இருவருக்கும் ஒரே தொகையை ஈடாகக் கொடுக்கும் முறை, காலை நேரத்து நடைகளைக் கூட்டுவதற்கு எந்தத் தூண்டுதலையும் தராது. சொல்லப்போனால், நிரம்பி வழியும் ஒரு வண்டி இரண்டு வண்டிகளைவிடக் கணக்கேட்டில் லாபகரமாகத் தெரியும். இந்திய நகரங்களில் மின்பேருந்து ஒப்பந்தங்களில் இப்போது பரவலாகிவரும் முறை, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்து, பயணி எண்ணிக்கையின் இடர்ப்பாட்டை அரசே ஏற்பது. உலக வங்கி ஆதரவுடன் நடக்கும் திட்டத்தின் கீழ் 2025 ஜூன் இறுதியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்ட 120 மின்பேருந்துகள் அந்த வகையைச் சேர்ந்தவை. கிலோமீட்டருக்கு மட்டும் கொடுத்தால் ஆளில்லாத தடத்தில் வண்டி சுற்றும் ஆபத்து உண்டு. சீட்டுக்கு மட்டும் கொடுத்தால் கூட்டத்தை அடைக்கும் ஆபத்து. இரண்டையும் கலந்து, நெரிசல் நேரத்து நடைகளுக்குத் தனி விகிதம் வைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி என்பது என் எண்ணம்.

வண்டி வராத ஊர்

கட்டணத்தைச் சுழியமாக்கிய பின் பயணத்துக்கு மிஞ்சியிருக்கும் விலை காத்திருப்பு. கிராமத்துக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று இருந்தால், அந்த இரண்டு நேரங்களுக்குப் பொருந்தாத வேலையைப் பெண் எடுக்க முடியாது. இரவுப் பணி முடிந்து வெளியே வரும் நேரத்தில் நகரப் பேருந்து இல்லையென்றால், அவருக்கு விடியல் பயணம் என்பது காலைக்கு மட்டும் உரிய சலுகை. மாலையில் ஆட்டோவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இந்தப் பெண்ணும் ஆய்வின் சராசரிக்குள் இருக்கக்கூடும். அடியோடு வண்டி வராத ஊரின் பெண், பயனாளிகளிடம் எடுக்கப்படும் எந்தச் சராசரிக்குள்ளும் வரமாட்டார்.

இது கற்பனை அல்ல என்பதற்குத் திட்டத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் ‘நகரப் பேருந்து’ என்ற வகுப்பு முறைப்படி இருக்கவில்லை. உள்ளூர் மக்களும் புறநகர் வகைச் சாதாரணப் பேருந்துகளிலேயே போய்வந்தார்கள். ஆணையில் நகரப் பேருந்து என்று எழுதியிருந்ததால், தேயிலைத் தோட்டத்து உழைப்பாளிப் பெண்கள் கட்டணம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கம் வந்தது. தகுதியைப் பயணியின் தேவையோடு கட்டாமல் வண்டியின் பலகையோடு கட்டியதன் விளைவு இது. வழிகாட்டு நெறிகளை வகுப்போர் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் நேர்வு இதுவென்று சொல்வேன்.

பக்கத்து மாநிலங்கள் இந்தக் கோட்டை வேறுவிதமாகப் போட்டன. 2023 ஜூனில் தொடங்கிய கர்நாடகத்தின் சக்தி திட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய தெலங்கானாவின் மகாலட்சுமி திட்டமும், 2025 ஆகஸ்டில் வந்த ஆந்திரத்தின் ஸ்திரீ சக்தியும் ஊர்விட்டு ஊர் செல்லும் சாதாரண, எக்ஸ்பிரஸ் வண்டிகளையும் உள்ளடக்கின. மாவட்டத் தலைநகர மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ போகும் பெண்ணுக்கு அந்த வடிவம் கூடுதல் உதவி. அதேநேரம், கோயில் பயணங்களும் விடுமுறைக் கூட்டமும் அன்றாட வேலைப் பயணத்தோடு போட்டியிடும். கர்நாடகம் ஆண்களுக்குப் பாதி இருக்கைகளை ஒதுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்கலாம். தமிழ்நாட்டின் குறுகிய வடிவம், பணத்தை அன்றாடப் பயணத்தின் மீது குவித்தது. எது சரி என்பதற்கு ஒரே விடை இல்லை. தமிழ்நாட்டின் வடிவத்தில் குறை தெரிவது புறநகர்ப் பேருந்து மட்டுமே போகும் கிராமங்களில்.

சேவையின் தரம் என்பது நேரம் மட்டுமன்று. கூடையோடு ஏறும் பெண்ணை வண்டி எப்படி நடத்துகிறது என்பதும் அதில் அடக்கம். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுவதாகச் சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். 2022 செப்டம்பரில் அமைச்சர் ஒருவர் மேடையில் ‘ஓசி’ என்ற சொல்லைப் பயன்படுத்திக் கண்டனத்துக்கு ஆளானார். இவை நிர்வாகப் பிரச்சினைகள் அல்ல என்று சிலர் கருதலாம். வசூலை வைத்தே ஒரு தடத்தையும், அதில் பணியாற்றும் நடத்துநரையும் மதிப்பிடும் பழக்கம் ஒரு நிறுவனத்தில் ஊறிப்போயிருக்கும்போது, காசு கொடுக்காத பயணி அதன் கண்ணில் பாதிப் பயணியாகத்தான் தெரிவார். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி நிற்காமல் போகிறது என்ற புகார் எழுந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும். அறிவுரைச் சுற்றறிக்கைகளால் இது மாறாது. நடத்துநர் ஒவ்வொரு நடைக்கும் சீட்டுக் கணக்கு எழுதும் வே பில்லில் கட்டணமில்லாச் சீட்டும் வசூலுக்கு நிகராக மதிக்கப்பட்டால் மாறும்.

சென்னையில் 2022 ஆகஸ்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளின் முன்பக்கமும் பின்பக்கமும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. பக்கவாட்டில் பூசாமல் விட்டதை வைத்துச் சமூக ஊடகங்களில் கேலி நடந்தது. ஆனால் நிறுத்தத்தில் நிற்பவர் பார்ப்பது வண்டியின் முகத்தைத்தான். தூரத்திலேயே எந்த வண்டி கட்டணமில்லாதது என்று எழுத்தறியாதவரும் அறியச்செய்த அந்தச் சிறிய மலிவான ஏற்பாடு, பயணியின் இடத்திலிருந்து யோசித்த அபூர்வமான ஒரு முடிவு.

ஆள் பற்றாக்குறையையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் ஒன்று. 2025-ல் 3,274 ஓட்டுநர், நடத்துநர் பணியிடங்களுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் இல்லாமல் பணிமனையில் நிற்கும் வண்டி, அன்றைய தினம் ஒரு தடத்தின் நடையை வெட்டுகிறது. வெட்டப்பட்ட நடைக்குச் சீட்டுக் கணக்கு கிடையாது. சீட்டுக் கணக்கில் வராத பெண் புள்ளிவிவரத்தில் இல்லை. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் நம் ஆய்வுகளின் குருட்டுப்புள்ளி இருக்கிறது.

அடுத்த ஆய்வு கேட்க வேண்டியவை

மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் சேவைத் தர அளவுகோல்கள், நகர மக்கள் ஆயிரம் பேருக்கு 0.6 அல்லது அதற்கு மேல் பேருந்துகள் இருப்பதை உயர்ந்த நிலையாக வகுத்திருக்கின்றன. 2006-ன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களுக்கு முன்னுரிமை தராமல் மக்களின் நகர்வுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. இவை நகரங்களுக்கானவை. விடியல் பயணத்தின் பயனாளிகளில் பலர் டவுன் பஸ் போகும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இத்தகைய அளவுகோல் எதுவும் நடைமுறையில் பின்பற்றப்படுவதாகத் தெரியவில்லை. ஒரு கிராமத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை இருந்தால் அது ‘இணைக்கப்பட்ட’ கிராமம் என்று மாநில அரசே வரையறுத்து வெளியிடலாம். அந்த வரையறை வந்தால், 2025-ல் தொடங்கிய புதிய விரிவான மினி பேருந்துத் திட்டத்துக்குத் தடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் அது பயன்படும். மினி பேருந்து தனியாருடையது, அதில் கட்டணம் உண்டு என்பதால், கட்டணமில்லாப் பேருந்து வரை போய்ச்சேரக் கட்டணம் கொடுக்க வேண்டிய நிலை ஏற்படும். அந்த இணைப்பை எப்படிக் கையாள்வது என்பதும் ஆய்வுக்குரியது.

சென்னையைப் பொறுத்தவரை கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. 2010-ல் சட்டம் இயற்றப்பட்டு, 2022 நவம்பரில் முதல் கூட்டம் நடத்திய சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலியைக் கொண்டுவந்தது. பேருந்துகளில் இருப்பிடம் காட்டும் கருவி உள்ளது. நடத்துநர் கையில் புதிய மின்னணுச் சீட்டுக் கருவி உள்ளது. எந்தத் தடத்தில், எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்குக் கட்டணமில்லாச் சீட்டு கிழிக்கப்பட்டது என்ற விவரமும், அந்த வண்டிக்கும் அதற்கு முந்தைய வண்டிக்கும் இடையில் எத்தனை நிமிட இடைவெளி என்ற விவரமும் ஒன்றோடொன்று சேர்ந்தால், பெண்கள் காத்திருந்த நேரத்துக்கு ஒரு நல்ல மதிப்பீடு கிடைத்துவிடும். பெயரோ தொலைபேசி எண்ணோ இதற்குத் தேவையில்லை. சீட்டுக்கு அடையாள அட்டை கேட்காத திட்டத்தின் சிறப்பை, தரவு சேகரிக்கும் ஆசையில் இழந்துவிடக் கூடாது.

வண்டிக்குள் கணக்கெடுப்பதோடு இன்னொன்றும் செய்ய வேண்டியிருக்கும். ஆய்வாளர்கள் வழக்கமாகப் பேருந்தில் ஏறியோ, பேருந்து நிலையத்தில் நின்றோ வினாத்தாளை நிரப்புகிறார்கள். அங்கே சந்திக்கக் கிடைப்பவர்கள் எல்லாம் பயணம் செய்ய முடிந்தவர்கள். நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் ஆகிய அதே மூன்று மாவட்டங்களிலும், நாளொன்றுக்கு இரண்டு நடை மட்டும் உள்ள ஊர்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கே போய் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: கடந்த மாதம் நீங்கள் போக நினைத்து, வண்டி இல்லாததால் போகாமல் விட்ட இடங்கள் எவை? எத்தனை மணிக்கு ஒரு வண்டி இருந்திருந்தால் போயிருப்பீர்கள்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடைகளை மணிவாரியாக அடுக்கினால், அது பணிமனை மேலாளர் மறுநாளே பயன்படுத்தக்கூடிய ஒரு கால அட்டவணையின் வரைவாக இருக்கும்.